நசுங்காத எலுமிச்சம்பழம்

என் கணவர் மேடையிலிருந்து விழுந்ததற்கு ஓர் எலுமிச்சம்பழம் நசுங்காமல் போனதே காரணம் என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். மேடையின் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்த நான்கில் மூன்று நசுங்கின. பின்பக்கத்து ஒன்று வழுக்கி ஓடிவிட்டதாம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களும் அந்தப் பழத்தைத்தான் விசாரித்தார்கள்.

என் அண்ணன் ராஜபாளையத்தில் மேடை அமைக்கும் தொழில் செய்பவர். டிரம்ஸ் வாசிப்பவர் உட்காருவதற்கென்று புதிதாக ஒரு சக்கர மேடை செய்து, முதன்முதலாக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண வரவேற்புக்குக் கொண்டுபோனார். மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் என் கணவர். புது வண்டிக்குச் செய்வதைப் போலவே அதற்கும் சூடம் காட்டினார்கள். பழத்தின் மேல் உருட்டுவதற்காகச் சக்கரங்களின் பிரேக்கைத் தூக்கிவிட்டார்கள். உருட்டிய பிறகு அதைத் திரும்ப மிதிக்க யாருக்கும் தோன்றவில்லை.

பாட்டின் வேகம் ஏற ஏற, ஒவ்வொரு அடிக்கும் மேடை விரற்கடை அளவு பின்னால் நகர்ந்தது. பின்னால் இருந்தது திரை. திரையோடு பெரிய மேடை முடிந்தது, அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. கவிழ்ந்த மேடையை நிமிர்த்தியபோது நான்கு பிரேக்கும் தூக்கியே இருந்தன. கச்சேரி கேட்கப் போயிருந்த நான் பார்த்தேன். அண்ணனும் பார்த்தார்.

என் கணவரின் வலது மணிக்கட்டில் முறிந்த எலும்பு கூடிற்று. ஆனால் விரல்களால் குச்சியைப் பிடிக்க முடியவில்லை.

அதே மேடை தளவாய்புரத்துக்குப் புறப்படுகிறது, வேறொருவர் உட்காரப் போகிறார் என்று தெரிந்ததும் அண்ணனுடைய குடோனுக்குப் போனேன்.

"ஏட்டி, நீ எதுக்கு இங்க வந்த? மாப்பிளயப் போய்ப் பாரு."

"பாத்துட்டுத்தான் வாரேன். எம்புட்டுப் பழம் வாங்கிருக்கிய?"

"எட்டு. ஒண்ணு ஓடுனாலும் இன்னொண்ணு நசுங்கும்லா."

சுமை ஏற்ற வந்தவர் சிரித்தார். "ரெண்டும் ஓடுனா ஜூஸ் போட்டிரலாம் அண்ணாச்சி."

"பிரேக் தூக்கி நின்னத நீங்களும் பாத்தியளா இல்லியா?" என்று அண்ணனைக் கேட்டேன்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "பாத்தேன். வெளிய சொன்னா என் தொழில் என்னாகும்? பழம்னா யாரும் என்னயக் கேக்க மாட்டாவ."

சாமி கும்பிடுவதை நான் ஒருநாளும் பழித்ததில்லை. எனக்கு அன்று ஆத்திரம் வந்தது அந்த ஒரு வாக்கியத்தால்தான். என் கணவரின் கை போன பிறகும் பழத்தின் மேல் பழி போடுவது அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கிறது. மேடை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"இதுல உக்காரப் போறவர்ட்ட இப்பவே போன்ல சொல்லுங்க. நடந்தது பூராத்தையும். அதுவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

"எறங்குட்டி. மானத்த வாங்காத."

நான் இறங்கவில்லை. லாரிக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்த பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் அண்ணன் போன் செய்தார். பிரேக் என்ற சொல்லை அவர் வாயால் கேட்ட பிறகே எழுந்தேன்.

தளவாய்புரத்தில் கச்சேரி நல்லபடியாக முடிந்தது. எட்டுப் பழமும் நசுங்கியதால்தான் என்று அம்மா இன்றும் சொல்கிறாள். அம்மா இருப்பது என் அண்ணன் வீட்டில். அண்ணன் எங்கள் வாசலுக்கு வருவதில்லை. மாலையில் என் கணவர் இடது கையால் நாற்காலியின் கைப்பிடியில் தாளம் போடுவார். கேட்க நான் இருக்கிறேன்.