நாலு மூடி ஒயில்

டூ-ஸ்ட்ரோக் இஞ்சின் திருத்துகிறவனுக்குக் கையைவிட மூக்குக்குத்தான் வேலை அதிகம். புளியந்தீவில் என் பட்டறைக்கு எந்த மெசின் வந்தாலும், தாங்கியில் மிச்சமிருப்பதை முதலில் ஒரு கண்ணாடிப் போத்தலில் வடிப்பேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முகர்ந்தும் பார்ப்பேன். என்ன குடித்துவிட்டு வந்திருக்கிறது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. போர்த்துக்கீசர் வழிவந்த எங்களைப் போன்ற பறங்கி ஆக்களுக்கு இது பரம்பரை மூக்கு என்று பக்கத்துக் கடைக்காரர் கேலி செய்வார்.

இஞ்சின் தொடக்குகிற கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்மூட்டு கழன்ற அன்பர்களே, உங்களுக்குத் தெரியாததா? இந்தச் சாதி இஞ்சினுக்கு ஒயில் ஊற்றத் தனி இடம் கிடையாது. பெற்றோலோடு கலந்துதான் கொடுக்க வேண்டும். கூடினால் புகையும், குறைந்தால் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். சுனாமிக்குப் பிறகு நிவாரணக்காரர்கள் எங்கள் பக்கம் கொடுத்த புல்லு வெட்டுற மெசின்கள் எல்லாம் ஒரே ரகம். லீற்றருக்கு நாற்பது மில்லி ஒயில் வேண்டும். கூடவே வந்த புத்தகம் இந்த ஊரில் யாருக்கும் தெரியாத பாசையில் இருந்ததால் எல்லோரும் என்னிடம் வந்தார்கள்.

ஜெசிந்தாவின் சாக்கு

மாங்கேணி ஜெசிந்தாவின் புருசனையும் தோணியையும் அலை ஒன்றாகக் கொண்டுபோனது. நிவாரணத்தில் அவளுக்கு இந்த மெசின் ஒன்று கிடைத்தது. பிறகு சண்டை வந்து ஊரே இடம்பெயர்ந்தபோது, இரண்டு பெண்பிள்ளைகளையும் இந்த மெசினையும்தான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். திரும்பிப் போனபோது வீட்டு வளவுகள் எல்லாம் ஆளுயரப் பற்றைக்காடு. அவற்றை வெட்டிக் கொடுத்துத்தான் மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.

ஒயில் குறைந்து பிஸ்டன் இறுகிய மெசினை அரிசிச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தாள். புதுப் பிஸ்டன் போட்டுக் கொடுத்தேன். இருமல் மருந்துப் போத்தலின் பத்து மில்லி மூடி ஒன்றையும் கையில் கொடுத்து, "லீற்றருக்கு நாலு மூடி, மறக்காத" என்றேன். அவள் மூடியைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். "நான் மறக்க மாட்டன் அங்கிள். ஊருக்கே சொல்லிக் குடுக்கிறன்."

கடல் பழக்கம்

அதே ஊரிலிருந்து ஒரு மீன்காரர் வந்தார். அவருடைய மெசின் ஐந்து நிமிடம் ஓடி, இருமி, செத்துப் போகுமாம். போத்தலில் வடித்ததுமே மூக்கைத் துளைத்தது மண்ணெண்ணெய். எனக்கு விசயம் விளங்கிவிட்டது. தோணி இஞ்சினைப் பெற்றோலில் தொடங்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது கடற்காரர் வழக்கம். கை பழகிய வழியிலேயே புல்லு மெசினுக்கும் செய்திருக்கிறார். தோணி இஞ்சின் அதற்கென்றே செய்தது, இது அப்படியில்லை என்று அரை மணித்தியாலம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு மெசினை ஒரு முறை முறைத்தார். "நடுக்கடலில ஆடி அலையிற இஞ்சினே பேசாமக் குடிக்குது. தரையில நிண்டுகொண்டு இதுக்கென்ன திமிர்?"

புகை போட்ட கோயில்

தன்னாமுனைப் பக்கத்துக் கோயில் ஒன்றின் வளவைப் பார்க்கிற சூசை, ஜெசிந்தாவுக்குச் சொந்தக்காரர். அவருடைய மெசின் போட்ட புகையில் கோயில் மணிக்கூண்டே தெரியவில்லையாம். பிளக்கைக் கழற்றினால் கரிச்சட்டி அடிமாதிரி இருந்தது. போத்தலில் வடித்தது பாணிபோல் இறங்கியது.

"எவ்வளவு ஒயில் விட்டீங்க?" என்றேன். ஜெசிந்தா சொன்னபடி நாலு மூடி என்றார். சும்மா அளக்காதீங்க என்று சிரித்துவிட்டு பிளக்கைத் துடைத்தேன். அந்த இடத்தில் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சூசைக்கு ரோசம் வந்துவிட்டது. "கோயிலடியில கடிக்க ஒரு நுளம்பு இல்ல. ஃபாதரே சந்தோசமா இருக்கார், உங்களுக்கு என்ன கோவம்?"

கடைசிப் பிஸ்டன்

மூன்று மாதத்தில் ஜெசிந்தா மறுபடியும் அதே சாக்கோடு வந்தாள். பிஸ்டன் மறுபடியும் இறுகியிருந்தது. போத்தலில் வடித்துப் பார்த்தால் ஒயிலின் நிறமே மங்கல். எனக்குப் பொல்லாத கோபம். ஒயிலில் மிச்சம் பிடித்து இஞ்சினைக் கொன்றுவிட்டாய் என்று கடையில் நின்ற நாலு பேர் கேட்கத்தக்கதாக ஏசினேன். "மாதாவாணை நாலு மூடி அங்கிள்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த அளவில் என்னிடம் ஒரே ஒரு பிஸ்டன்தான் மிச்சம். இனி வராது என்று கொழும்பில் கைவிரித்துவிட்டார்கள். இதுவும் போனால் மெசின் பழைய இரும்புதான் என்றேன். அவள் அழவில்லை. சாக்கை மடித்துக்கொண்டே கேட்டாள். "கத்தியால வெட்டினா ஒரு வளவுக்கு ஒரு கிழமை போகும். அதுவரைக்கும் புள்ளையள என்னத்தக் குடுத்துப் பாக்கச் சொல்லுறீங்க?"

எந்த மூடி?

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. என் மூக்கும் பொய் சொல்லாது. இரண்டும் எப்படிச் சரியாகும் என்ற அரிப்புத் தாங்காமல், ஞாயிறு பூசை முடிந்ததும் கடைசிப் பிஸ்டன் போட்ட மெசினை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, மாங்கேணிக்கே போனேன்.

"என்ட கண்ணுக்கு முன்னால கலந்து காட்டு" என்றேன். லீற்றர் போத்தலில் பெற்றோலைச் சரியாக அளந்தாள். பிறகு ஒரு ரோஸ் நிற மூடியை எடுத்தாள். ஐந்து மில்லி! நான் கொடுத்த மூடியைச் சின்னவள் மண்சோறு விளையாடித் தொலைத்துவிட்டாளாம். முகாமில் கொடுத்த காய்ச்சல் மருந்தின் மூடி இது. சொல்லி வாய் மூடவில்லை, அயலவர்களும் தங்கள் மூடிகளோடு வந்துவிட்டார்கள். உலகத்து நாடெல்லாம் எங்களுக்கு மருந்து அனுப்பியிருந்தது, நாட்டுக்கொரு மூடி. ஏழு மூடிகளை வாங்குப் பலகையில் அடுக்கினேன். ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அத்தனை பேரும் சத்தியமாக நாலு மூடிதான் விட்டிருக்கிறார்கள். சூசையிடம் இருந்தது பூச்சிமருந்துக் கலனின் பெரிய மூடி என்று ஜெசிந்தா அப்போதுதான் சொன்னாள்.

ஜெசிந்தாவை நாலு பேர் முன்னால் ஏசியது நினைவு வந்து முகம் சுட்டது. அந்த நாலு பேரும் அங்கே இல்லை என்றாலும் மன்னிப்புக் கேட்டேன். ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலில் நாற்பது மில்லியை அளந்து விட்டு, அந்த மட்டத்தில் அரத்தால் கோடு கீறிக் கொடுத்தேன். அவள் அதில் அளந்து கலந்து, இரண்டாவது இழுவையில் மெசினைத் தொடக்கினாள். வெட்ட வேண்டிய பற்றையைப் பார்த்தபடியே, இரைச்சலுக்கு மேலாகச் சொன்னாள்:

"நாலு மூடியெண்டுதானே சொன்னீங்க அங்கிள், எந்த மூடியெண்டு சொல்லல்லயே."

இஞ்சின் என்ன குடித்தது என்று இருபது வருசமாக மோந்து பார்த்த மூக்குக்கு, அது எதில் அளந்து குடித்தது என்று கேட்கத் தோன்ற ஒரு கடைசிப் பிஸ்டன் தேவைப்பட்டது.