1·2·4: ஒரு பட்டறைக்கல்லைத் தப்பாகப் படித்த கதை

இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேனாக இருந்தேன். ஒருநாள், இரும்பை வைத்து அடிக்கும் பட்டறைக்கல் ஒன்று ஒர்க்‌ஷாப்பில் காணாமல் போனது. ரிஜிஸ்தரில் அதன் நம்பர் 124. எங்கள் கொல்லர் சங்கரலிங்கத்தின் வீட்டில், ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு கல் இருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். பக்கவாட்டில், கரி படிந்து, 1 2 4.

"எங்க அப்பா விட்டுட்டுப் போன கல்லு சார்," என்றார்.

'நம்பர் பொருந்துகிறது' என்று ரிப்போர்ட் எழுதினேன். போலீஸ் வேண்டாம் என்று மேனேஜர் அவரை வேலையை விட்டு நிறுத்தினார். கல்லைச் சங்கரலிங்கம் கொடுக்கவில்லை. மில் வேறு வாங்கிக்கொண்டது.

நான் ஓய்வு பெற்ற பிறகு அவருடைய மகள் செல்வி போன் செய்தார்.

"அப்பா தவறிட்டாவ சார். திருட்டுக் கல்லு வீட்டுல வேண்டாம்னு தம்பி பழைய இரும்புக்குப் போடப் போறான். எழுதுனது நீங்கதான? இன்னொருக்கா நல்லாப் பாத்துச் சொல்லுங்க. திருட்டுன்னா நானே போட்டுருதேன்."

போனேன். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். எண்களுக்கு நடுவே புள்ளிகள் தெரிந்தன: 1·2·4. டூல் நம்பருக்கு யாரும் புள்ளி வைப்பதில்லை. அது பழைய இங்கிலீஷ் எடை. முதல் எண் ஒன்றுக்கு 112 பவுண்டு, அடுத்தது ஒன்றுக்கு 28, கடைசி எண் வெறும் பவுண்டு. கூட்டினால் 172. கிலோவில் எழுபத்தெட்டு.

பக்கத்துக் கடைத் தராசில் ஏற்றினோம். எழுபத்தேழரை. தேய்மானம் அரைக் கிலோ.

கல்லின் மேல் முகத்தில் சதுரத் துளை மட்டும் இருந்தது. அதை ஒட்டி வரும் சின்ன வட்டத் துளை இல்லை. அது இல்லாத கல் நூற்றைம்பது வருடத்துக்குக் குறையாது. எங்கள் மில் கற்களில் இரண்டு துளையும் உண்டு. அன்றைக்கே என் கண்ணில் பட்டிருக்க வேண்டியது அது.

"உங்க தாத்தா கல்லுதாம்மா. தப்பு என்னோடது," என்றேன்.

செல்வி கல்லைத் தடவிப் பார்த்தார்.

"அப்பா இருக்கையில வந்து சொல்லிருக்கலாம்லா சார்."

கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் தம்பி இரண்டு தடவை படித்துவிட்டு, கல்லைத் தூக்க ஒரு கை பிடிக்கச் சொன்னார். மூன்று பேருமாக உள்ளே கொண்டுபோய் வைத்தோம்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நாம் தேடுகிற நம்பர் கண்ணில் பட்டதும் பேனாவை எடுக்காதீர்கள். பொருள் முழுவதையும் பாருங்கள். ரிப்போர்ட்டைத் திருத்தலாம், அதைப் படிக்க வேண்டியவர் அதுவரை இருக்க வேண்டும்.