பதினொரு பக்கத்துக்கு இருபது மதிப்பெண்

ஒரு கையால் தோளையும் மறு கையால் இடுப்பையும் பிடித்து, படுக்கையில் கிடந்த பெரியவரை ஒருக்களித்துத் திருப்பினாள். நனைந்த விரிப்பை முதுகோரம் சுருட்டி, உலர்ந்ததை நுழைத்து, மறுபக்கம் வந்து சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டாள். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தாள்.

"இங்கேயும் கொஞ்சம் வாம்மா" என்றார் அடுத்த கட்டில்காரர்.

"இவரை முடிச்சுட்டு வரேங்க. பாதியில விட்டா உருண்டு உங்க மடியிலதான் விழுவாரு."

பதினாறு வருடமாக அந்த ஆஸ்பத்திரியில் தற்காலிக உதவியாள். தொட்ட நோயாளியை முடிக்காமல் அடுத்தவரிடம் நகர்ந்ததில்லை. அன்று பத்து மணிக்கு எழுத்துத் தேர்வு. அன்று ஒன்று, மறுநாள் ஒன்று. இரண்டிலும் சேர்த்து நூறு எடுத்தால் வேலை நிரந்தரம். அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும்.

கேள்வித்தாளில் ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இருபது மதிப்பெண், மூன்று மணி நேரம். முதல் கேள்வி படுக்கைப் புண்ணைத் தடுப்பது. அல்வா மாதிரி கேள்வி! ஒன்றையும் விடாமல் எழுதினாள். புண் வரும் இடங்களைப் படம் போட்டு அம்புக்குறி வைத்தாள். பதினொரு பக்கம் ஆயிற்று. இரண்டாவதையும் அதே நிதானத்தில் தொடங்கினாள்.

"இன்னும் பதினஞ்சு நிமிஷந்தான் இருக்கு. பக்கத்துக்கெல்லாம் எண் போடுங்க" என்றார் மேற்பார்வையாளர்.

அவளுக்குச் சுருக்கென்றது. கடிகாரம் எதிர்ச் சுவரில்தான் இருந்தது. ஒரு தரம்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்று, நான்கு, ஐந்து என்று தாளின் அடியில் நின்ற கேள்விகளைப் படித்தாள். மூன்றுமே அவளுக்குத் தெரிந்தவை. விரல் நுனிகள் சில்லிட்டன, காது அடைத்தது. அதிர்ச்சியில் இருப்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் நான்காவது கேள்வி. பேனா ஓடவில்லை. தாளை வாங்கிக்கொண்டு போன பிறகும் எழுதும் வாக்கிலேயே கை மடங்கியிருந்தது.

நேராகக் கணவரின் தையல் கடைக்குப் போனாள்.

"எத்தனை எழுதின?"

"ஒண்ணரை."

அவர் மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார். "அஞ்சுலயா?"

"முதல் கேள்விக்கு மட்டும் பதினொரு பக்கம்."

"பதினொரு பக்கம் எழுதினா இருபதுக்கு இருபத்தொண்ணு போடுவாங்களா?"

அதை அவள் யோசித்ததே இல்லை. பொத்தான் டப்பாவை நகர்த்திவிட்டு மேசையோரம் உட்கார்ந்தாள். எழுதினதுக்கு முழுசாகப் போட்டாலும் முப்பதுதான். நாளைக்கு எழுபது வேண்டும்.

"அஞ்சு சட்டைக்குத் துணி வந்தா, அஞ்சையும் வெட்டி வெச்சுட்டுத்தான் மிஷின்ல உட்காருவேன்" என்றார். "ஒரு சட்டைக்கே காலரும் பையுமா இழைச்சுக்கிட்டிருந்தா மத்த நாலு பேரும் வெறும் மேலோடதான் போகணும்."

"மனுஷங்க துணி இல்ல. அப்படி அப்படியே விட்டுட்டுப் போக முடியாது."

"கேள்வி மனுஷன் இல்லடி. விட்டா அழாது."

அவள் வெடுக்கென்று எழுந்தாள். ஆனால் மேசையில் துணிக்குக் குறி போட வைத்திருந்த சாக்பீஸை எடுத்து, வெட்டுத்துண்டு ஒன்றில் மூன்று மணி நேரத்தைக் கோடு போட்டுப் பிரித்துப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் தேர்வில் முதல் பத்து நிமிடம் பேனாவையே திறக்கவில்லை. பக்கத்து மேசைப் பெண் முதல் பக்கத்தை முடித்துத் திருப்பும் சத்தம் கேட்டது. ஆனாலும் ஐந்து கேள்விகளையும் கடைசிவரை படித்தாள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் நினைவுக்கு வந்த சொற்களைக் குறித்து, கேள்விக்கு அரை மணி என்று கணக்கிட்டு முடிக்க வேண்டிய நேரத்தையும் எழுதினாள். நன்றாகத் தெரிந்த மூன்றாவதை முதலில் எடுத்தாள்.

பத்து நாற்பதுக்கு ஒரு வாக்கியம் நடுவில் நின்றது. இன்னும் எட்டுச் சொல் இருந்தால் முடிந்துவிடும். அரைப் பக்கம் வெற்றாக விட்டு, அடுத்த தாளில் கேள்வி எண்ணைப் போட்டாள். அதற்கடுத்ததும் அப்படியே. ஐந்தாவது விடையின் அடியில் கோடு இழுத்தபோது மணி பன்னிரண்டு நாற்பது. பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி, விட்ட வாக்கியங்களை ஒவ்வொன்றாக முடித்தாள்.