கேட்டில் கழற்றி வைத்த கடிகாரம்

போன வருடம், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது நடந்தது இது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸில் நான் போர்மேன். எங்கள் ஊரில் ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. நான் கெமிஸ்ட்ரி படித்து, போர்மேன் பயிற்சியும் முடித்து வேலைக்குச் சேர்ந்தேன். அறைக்குள் வெடிமருந்து அளவோடு இருக்கிறதா, ஆட்கள் கூடுதலாக உட்கார்ந்துவிட்டார்களா என்று பார்ப்பது என் பொறுப்பு. ஏதாவது நடந்தால் முதலில் என்னைத்தான் கேட்பார்கள்.

கல்லூரி நாளிலிருந்தே காலையில் கண்மாய்க் கரையில் ஓடுவேன். சீசன் சூடுபிடித்ததும் தூக்கம் குறைந்தது. ஓடும்போது இடது நெஞ்சில் சுருக்கென்று குத்த ஆரம்பித்தது. போனில் தேடினேன், அதுதான் வினையாகிப்போனது. ஓடிக்கொண்டிருந்தவர் சுருண்டு விழும் வீடியோக்களாக வந்து கொட்டின. நாடித்துடிப்பு காட்டும் கைக்கடிகாரம் ஒன்று வாங்கினேன். ஓடும்போதெல்லாம் அதையே பார்ப்பேன். எண் ஏறும். ஏறுவதைப் பார்த்துப் பயம் வரும். பயத்தில் இன்னும் ஏறும்.

விருதுநகரில் ஒரு டாக்டர் ஈசிஜி, எக்கோ எல்லாம் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒன்றும் இல்லை, நன்றாகத் தூங்குங்கள், ஓடுவதை விட்டுவிடாதீர்கள் என்றார். நான் நம்பவில்லை. ஓட்டத்தை நிறுத்தினேன். மாடிப்படி ஏறவே யோசித்தேன். வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஆபீஸுக்குள் செருப்பு, போன், கடிகாரம் எதுவும் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் கொடுத்துவிட வேண்டும். சாயங்காலம் வெளியே வந்ததும், செருப்பை மாட்டுவதற்கு முன்பே கடிகாரத்தைக் கட்டி எண்ணைப் பார்ப்பேன். கடைசி அறையில் வேலை பார்க்கும் முழங்கால் வலிக்கார அக்கா ஒருநாள் ஏன் என்று கேட்க, வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து தினமும், "தம்பி, இன்னைக்கு ரேட்டு எம்புட்டு? ஏறிருச்சா?" என்று கேலிதான்.

அன்று மதியம் மேற்கே இடி உறுமியது. மின்னல் நேரத்தில் யாரும் அறைக்குள் இருக்கக் கூடாது. அறைகள் தள்ளித் தள்ளி இருக்கும். நான் வெறுங்காலோடு ஒவ்வொரு அறையாக ஓடிக் கிளப்பினேன். "இந்தத் தட்ட மட்டும் முடிச்சிட்டு வாரோம் தம்பி" என்றவர்களை, "தட்டு கெடக்கட்டும், மொதல்ல எந்திரிங்க" என்று விரட்டினேன். எல்லோரும் கேட் பக்கம் சேர்ந்ததும் தலையை எண்ணினேன். அந்த அக்காவைக் காணோம்.

திரும்ப ஓடினேன். அக்கா வேலியோரக் கடைசி அறையை விட்டு இறங்கி, காலைத் தேய்த்துத் தேய்த்து வந்துகொண்டிருந்தது. தோளில் தாங்கி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தேன். பின்னாலேயே மழை. ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு நின்றது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

மூச்சு வாங்கி முடித்ததும் அக்கா ஆரம்பித்தது. "நெஞ்சுவலிக்காரரு ஓடுன ஓட்டத்தப் பாத்தீகளா? இப்ப எனக்குல்ல படபடன்னு வருது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பழக்கத்தில் மணிக்கட்டைப் பார்த்தேன். பட்டை இருக்கும் இடத்தில் வெளுத்த கோடு மட்டும் இருந்தது. நெஞ்சு தடதடவென்று அடித்தது, ஆனால் எங்கேயும் குத்தவில்லை. அவ்வளவு ஓட்டத்திலும் அந்த நினைப்பே வரவில்லை. டாக்டர் சொன்னது அப்போதுதான் காதில் ஏறியது. நான் பயந்தது என் இதயத்துக்கு அல்ல. என்றாவது ஒருநாள் தலையை எண்ணும்போது ஓர் ஆள் குறைந்துவிடுமோ என்றுதான் ராத்திரியெல்லாம் பயந்திருக்கிறேன்.

அன்று வீட்டில் சொன்னேன். "இத ஏம்லே ஒனக்குள்ளயே வச்சிருந்த?" என்று அம்மா திட்டிவிட்டு, அடுத்த நாள் என்னை எழுப்பவே இல்லை. கம்பெனியில் சீசனுக்கு மேற்பார்வை பார்க்க இன்னொரு ஆள் கேட்டேன். இழுத்தடித்துத்தான் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் இல்லாமல் கண்மாயில் பாதிக் கரை ஓடினேன். இப்போது முழுக் கரையும் ஓடுகிறேன்.

சில நாள் இன்னும் குத்தத்தான் செய்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரையும் பார்க்கிறேன். ஆனால் நெஞ்சு படபடக்கும்போது எண் எவ்வளவு என்று பார்ப்பதில்லை, இன்றைக்கு யாரை நினைத்து அடிக்கிறது என்றுதான் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.