கரைசல் குடித்த கழுதை

எங்கள் கழுதையின் வயிற்றுக்குள் ஒரு பொம்மை உருவாகிக்கொண்டிருக்கிறது என்று நான் நம்பினேன். நாற்பத்தெட்டு வயதில், முழு புத்தியோடு நம்பினேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்து பிழைக்கிற எவனுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். பிளாஸ்டர் அச்சுக்குள் களிமண் கரைசலை ஊற்றி வைப்போம். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், மண் உட்சுவரில் கெட்டியாகப் படியும், மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டுப் பிரித்தால் உள்ளே பிள்ளையார். அன்றைக்குக் காலையில் கழுதை கொல்லையில் கிடந்த உடைந்த அச்சுகளை நக்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கரைசல் வாளியில் பாதியைக் காணோம். கழுதையின் மூஞ்சி கண் வரைக்கும் வெள்ளை. பிளாஸ்டரும் உள்ளே, கரைசலும் உள்ளே. வேறென்ன வேண்டும்?

அது எங்களிடம் வந்து ஐந்து மாதம். கருவேப்பிலங்குறிச்சியில் செங்கல் சூளை வைத்திருந்தவர் டிராக்டர் வாங்கியதும், "ஓட்டிக்கிட்டுப் போங்க, தீனி போட்டு மாளல" என்று கொடுத்துவிட்டார். எங்கள் சந்துக்குள் வண்டி வராது. மண் மூட்டையை ரோட்டிலிருந்து பட்டறைக்குக் கொண்டுவர ஆகும் என்று வாங்கிக்கொண்டேன். சுமந்த நேரத்தைவிட அட்டூழியம் செய்த நேரம்தான் அதிகம். கூட்டி முடித்த வாசலில்தான் மூத்திரம் பெய்யும். களிமண் தூளில் நாலு காலையும் தூக்கிப் புரண்டுவிட்டு, நேராகப் போய்க் கொடியில் காயும் துணியில் உரசும். தினசரி காலண்டரில் ஆடி மாதத்தை முழுசாகத் தின்றது. சமையற்கட்டு ஜன்னலில் தலையை நீட்டி, மேலுதட்டைச் சுருட்டிக் காட்டி, என் மனைவி இட்லி கொடுக்கும்வரை நகராது. நான் உட்கார்ந்து பொம்மைக்குக் கண் எழுதும்போது பின்னாலிருந்து தோளில் தாடையை வைத்துத் தூங்கும். எங்கள் பிள்ளையார்களில் சிலருக்கு மாறுகண் வந்தது அப்படித்தான்.

அன்றைக்கு அந்த வெள்ளை மூஞ்சியைப் பார்த்ததும், அது சாகப்போகிறது என்று தோன்றியது. வயிற்றைத் தடவினேன். பக்கவாட்டில் கல்லு மாதிரி ஏதோ இடித்தது.

"செட்டாயிடுச்சுடி! உள்ள செட்டாயிடுச்சு!"

மனைவி கரண்டியோடு வந்தாள். "என்னாங்க செட்டாச்சு?"

"பொம்மை!"

"கழுதைக்கு ஒண்ணும் ஆவல. உங்களுக்குத்தான் என்னமோ ஆயிருக்குது. மாட்டு டாக்டரம்மாவுக்குப் போனு போடுங்க."

"அவங்க வர்றதுக்குள்ள காஞ்சிடும்டி."

மாட்டுக்கு மருந்து புகட்டும் மூங்கில் கொட்டத்தை இரவல் வாங்கிவந்து, அரை லிட்டர் விளக்கெண்ணெயைப் புகட்டினேன். போதாதென்று, அச்சைத் தட்டித்தானே பொம்மையைக் கழற்றுகிறோம் என்ற ஞானோதயம் வேறு. குலுங்கிக் கழலட்டும் என்று கயிற்றைப் பிடித்து வேப்பூர் ரோட்டில் ஓட்டினேன். எண்ணெய்ச் சட்டையோடு முன்னால் நான், பின்னால் வெள்ளை மூஞ்சிக் கழுதை.

டீக்கடையில் ஒருவர், "யாருக்குண்ணே ரேஸு?" என்றார்.

"உள்ள இருக்கிறதுக்கு" என்றேன். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அது நின்றபோதெல்லாம் பின்னால் போய்த் தட்டினேன். மூன்று முறை போய் வந்தோம். கடைசி முறை அதன் கால்கள் பின்னின.

கால்நடை டாக்டரம்மாவுக்கு மனைவிதான் போன் செய்தாள். சாயங்காலம் வந்தார். வாளியைக் காட்டி நான் சொன்ன கதையைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"கரைசல் விட்டையில வெளிய வந்துடுங்க. இது சினையா இருக்குது. மாசம் நெருங்கிடுச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. கழுதை ஒரு வருஷம் சுமக்கும் என்பது தெரியாது. சூளையிலேயே சினைபிடித்து வந்தது தெரியாது. நான் தொட்ட கல்லு, குட்டியின் கால்.

"என்ன குடுத்தீங்க?"

எண்ணெயைச் சொன்னேன். ஓட்டியதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஓர் ஊசி போட்டுவிட்டு, "படுக்க வுடுங்க. காலையில பாக்கலாம்" என்றார்.

விடிந்து, வெயில் வந்த பிறகு ஈன்றது. டாக்டரம்மா மறுபடி வந்தார். வாசல் வரைக்கும் அவர் கூடவே போனேன்.

"என்னாலதானுங்களா?"

"ஆமான்னும் சொல்ல முடியாதுங்க. இல்லைன்னும் சொல்ல முடியாது."

பிறந்த குழந்தைக்குக் கழுதைப்பால் ஒரு சங்கு புகட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். கழுதை ஈன்றது என்று கேள்விப்பட்டு, அடுத்த தெருவிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு சங்கும் எடுத்துக்கொண்டு வந்தாள். கொல்லையைப் பார்த்தாள். அப்படியே திரும்பிப் போனாள்.

தாய் பிழைத்துக்கொண்டது. குட்டி செத்துத்தான் பிறந்தது. மத்தியானம்வரை தாய் அதை நக்கிக்கொண்டிருந்தது. பிறகு எடுத்துப்போய்ப் புதைத்தேன்.