மூன்று இழுப்பு, அப்புறம் ஒன்று

என் வலது மணிக்கட்டைச் சுற்றி ஒரு தழும்பு இருக்கிறது. கயிறு அறுத்த தழும்பு. நம்பாதவர்கள் நேரில் வந்து பார்க்கலாம். அந்தக் கயிற்றின் மறுமுனையை அன்று யார் பிடித்திருந்தார்கள் என்பதைத்தான் எழுதப் போகிறேன். கேட்ட கதை இல்லை. 1944 ஏப்ரல் 29, சனிக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, சிராங்கூன் சாலையில் எனக்கு நடந்தது.

காலை ஏழு பத்து என்றதும் வெயிலை நினைக்காதீர்கள். ஜப்பான்காரன் ஊரைப் பிடித்ததும் சிங்கப்பூருக்கு சியோனான் என்று பேர் வைத்தான். கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் தள்ளிவிட்டான். ஏழு பத்துக்கு நல்ல இருட்டு. எட்டு மணிக்குத்தான் வெளுக்கும்.

சண்டைக்கு முன் நான் துறைமுகக் கிடங்கில் இரவு வேலை பார்த்தேன். மேஸ்திரியைப் பிடிக்கவில்லை. ஒருநாள் பாதி ஷிப்டில் எழுந்து நடந்துவிட்டேன். அப்புறம் பஃபலோ ரோட்டில் ஒலி முகம்மது பாயின் சின்னக் கடையில் சேர்ந்தேன். பேனர் எழுதுவது பாய். சாலைக்குக் குறுக்கே கட்டுவது நானும் பரமசிவமும்.

வேலை இதுதான். சாலையின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு மூங்கில் ஏணி. மாடியை ஒட்டிய தூணில் இரும்புக் கொக்கி. இந்தக் கொக்கியிலிருந்து அந்தக் கொக்கிக்குக் கயிறு, கயிற்றில் துணி. காற்று போக, துணியில் அங்கங்கே அரைவட்டமாகக் கீறிவிடுவோம். முதல் நாள் மாலையே கட்டிவிட முடியாது. மரவள்ளி மாவுச் சாக்கை உடுத்திக்கொண்டு ஜனங்கள் அலைந்த காலம் அது. இரவில் துணியை விட்டு வைத்தால் காலையில் நாலு பேருக்குச் சட்டை ஆகிவிடும். அதனால் விழா நாள் விடிவதற்குள் கட்ட வேண்டும். சத்தமும் போடக் கூடாது. ரோந்துக்காரன் காதில் விழுந்தால் அறைதான். ஆகவே நாங்கள் கயிற்றால் பேசிக்கொள்வோம். ஒரு இழுப்பு என்றால், இழு. இரண்டு என்றால், தளர்த்து. மூன்று என்றால், கட்டிவிட்டேன்.

பரமசிவம் எப்போதும் எனக்கு முன்னால் கட்டிவிடுவான். மூன்று இழுப்பு வரும். கொஞ்சம் இடைவெளி விட்டு, இன்னொன்று வரும். சின்னதாக. அந்த நாலாவது இழுப்பு எங்கள் தொழிலில் கிடையாது. அவனாகச் சேர்த்தது. "என்ன, நீ இன்னும் கட்டலையா?" என்று அர்த்தம்.

கீழே இறங்கியதும் வாயாலும் கேட்பான். "என்னா நைட் ஷிப்டு, தூங்கிட்டியா மேல?"

எனக்கு அவனைப் பிடிக்காது. காரணத்தை மறைக்கப் போவதில்லை. அவன் முடிச்சு என் முடிச்சைவிட நல்ல முடிச்சு. இரண்டு சுற்று, ஒரு செருகல். புயலடித்தாலும் நகராது. அவிழ்க்க வேண்டுமென்றால் ஒரே சொடுக்கு. நானும் அறையில் உட்கார்ந்து கட்டிக் கட்டிப் பார்த்தேன். வரவில்லை. "பரமசிவம் கட்டுனா அது கட்டு" என்பார் பாய். என்னை அவர் எதுவும் சொல்ல மாட்டார். தேநீர்க் கடைப் பூவம்மாகூட அவனுக்கு மரவள்ளிக் கிழங்கைப் பெரிய துண்டாகப் பார்த்து வைப்பாள். சிறிய விஷயம்தான். ஆனால் தினமும் நடந்தால் அது சிறிய விஷயம் இல்லை.

1943 ஏப்ரலில் பாய் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"கைப்பட்டை இனிமே கடைக்கு ஒருத்தருக்குத்தானாம். சக்கரவர்த்தி பொறந்தநாள் முடியட்டும், சொல்றேன்."

கைப்பட்டை என்றால் கையில் கட்டும் ஒரு துண்டுத் துணி. அரசாங்க வேலை பார்ப்பவன் என்று அதில் எழுதியிருக்கும். அது இல்லாதவனை லாரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பினார்கள். போனவர்கள் யாரும் அதுவரை திரும்பவில்லை. பாய் யார் பேரைச் சொல்லுவார் என்று எனக்கும் தெரியும், பரமசிவத்துக்கும் தெரியும்.

ஏப்ரல் 29, சக்கரவர்த்தி பிறந்தநாள். விடியற்காலை பேனரைக் கட்டினோம். வெள்ளைத் துணி, நடுவில் சிவப்பு வட்டம். பரமசிவம் தேநீர் குடிக்கப் போனான். நான் அவன் ஏணியில் ஏறினேன். ஒரே சொடுக்கு... அவிழ்ந்தது. திரும்ப வேறொன்றைக் கட்டினேன். பார்த்தால் அவன் முடிச்சு மாதிரியே இருக்கும். காற்றில் துணி இழுக்க இழுக்க நழுவிவிடும்.

எட்டு இருபதுக்குச் சிப்பாய்கள் வரிசையாகக் குனிந்தபோது அது நழுவியது. சக்கரவர்த்தியின் சூரியன் சேற்றில் விழுந்தது.

அந்த முனைக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்கள். பரமசிவம் கையைத் தூக்கினான். அறைந்தார்கள். மத்தியானம் வரை வெயிலில் மண்டி போட வைத்தார்கள். கைப்பட்டையைப் பிய்த்தார்கள். அவன் என்னையே பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். பத்தாம் நாள் லாரி வந்தது. கைப்பட்டை என் கையில் இருந்தது.

வருத்தப்பட்டாயா என்று கேட்பீர்கள். இல்லை. அவன் போன பிறகும் பூவம்மா அவனைப் பற்றித்தான் விசாரித்தாள். அதுதான் எனக்கு எரிந்தது.

ஒரு வருஷம் போனது.

மறுபடியும் ஏப்ரல் 29. இப்போது எதிர்முனையில் அப்துல் அலீம். ஜாலான் புசாரில் வேறொரு கடையின் கைப்பட்டைக்காரன், பேனர் கட்டும் நாட்களில் எங்களிடம் வருபவன், நிதானமான ஆள். முந்தின மாலை இரண்டு ஏணிகளையும் கடைகளின் முன்னால் ஐந்தடி நடைபாதையில் படுக்க வைத்துச் சங்கிலி போட்டுப் பூட்டினோம். என் பக்கத்துச் சாவி என்னிடம். எதிர்ப் பக்கத்துச் சாவி அவனிடம்.

ஆறு ஐம்பதுக்கு வந்து சேர்ந்தேன். கைக்கடிகாரத்தில் ரேடியம் முள் பச்சையாகத் தெரிந்தது. சாலையில் ஒரு நாய்கூட இல்லை. காற்று இல்லை.

எதிர்ப் பக்கத்தில் ஏணி ஏற்கெனவே தூணில் சாய்ந்திருந்தது.

அலீம் முந்திக்கொண்டான் என்று நினைத்தேன். கயிற்றின் நுனியை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தேன். மேலே ஆள் நிற்பது தெரிந்தது. உருவம் என்று சொல்ல முடியாது. அந்த இடத்தில் இருட்டு கொஞ்சம் கெட்டியாக இருந்தது.

"அலீம்?"

பதில் இல்லை. ரோந்துக்குப் பயப்படுகிறான் போலும். நுனியை ஏணியின் அடியில் போட்டுவிட்டுத் திரும்பினேன். ஏதோ நாறியது. ஆறாத புண்ணுக்கு ஒரு நாற்றம் உண்டே... அது.

என் ஏணியில் ஏறினேன். ஏழு மணி ஐந்து நிமிடம்.

கயிறு நகர ஆரம்பித்தது.

ஆனால் சரியாக நகரவில்லை. யாராக இருந்தாலும் கை மாற்றிக் கை மாற்றி இழுப்பார்கள். கயிறு ஒரே சீராகப் போகும். இது ஒரு முழம் போனது. நின்றது. ஒரு முழம் போனது. நின்றது. நிற்கும்போதெல்லாம் எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம்.

நற... நற...

துணி சாலைக்கு மேலே மெல்ல விரிந்துகொண்டு போனது. கயிறு விறைத்தது.

ஏழு பத்து.

ஒரு இழுப்பு. இரண்டு. மூன்று.

கட்டிவிட்டான். நான் என் முனையைக் கொக்கியில் சுற்றத் தொடங்கினேன்.

கொஞ்சம் இடைவெளி.

இன்னொன்று.

சின்னதாக.

என் கை நின்றுவிட்டது. அலீமுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

மறுபடியும் ஒன்று.

"யாரு?"

மறுபடியும்.

கட்ட முயன்றேன். காற்றே இல்லாமல் துணி நடுவில் உப்பி எழுந்தது. கயிறு என் பக்கமிருந்து சர்ரென்று ஓடியது. என் வலது மணிக்கட்டு கயிற்றுக்கும் கொக்கிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

இழுப்பு.

தோல் கிழிந்தது.

இழுப்பு.

எலும்பு வரை போனது.

இழுப்பு...

"அலீம்! விடுடா! அலீம்!"

"என்னண்ணே?"

குரல் எதிரிலிருந்து வரவில்லை.

கீழே. என் ஏணியின் காலடியில்.

"ஏன் கத்துறீங்க? டயரு பஞ்சர்ண்ணே, சைக்கிள உருட்டிக்கிட்டே வந்தேன். இப்பத்தான் வர்றேன்."

கயிறு தளர்ந்தது. கையை உருவினேன். ஏழு பதினெட்டு.

எதிர்ப் பக்கம் பார்த்தேன். தூணில் ஏணி இல்லை. அலீம் தீக்குச்சி கிழித்துக்கொண்டு போய்ப் பார்த்தான். ஏணி ஐந்தடி நடைபாதையில் படுத்திருந்தது. சங்கிலி. பூட்டு. சாவி அவன் இடுப்பில்.

பேனரின் அந்த முனை மட்டும் பதினாலு அடி உயரத்தில் கட்டியிருந்தது.

"யாருண்ணே கட்டுனது?" என்றான் அலீம். என் முனையை அவனே கட்டினான்.

வெளுத்ததும் அந்தப் பூட்டைத் திறந்து, ஏணியை நிறுத்தி ஏறிப் பார்த்தேன். இரண்டு சுற்று, ஒரு செருகல். அதே முடிச்சு. ஆனால் தலைகீழாக இருந்தது. கண்ணாடியில் பார்ப்பது மாதிரி, எல்லாச் சுற்றும் எதிர்த் திசையில். இடது கைக்காரன் கட்டினால்தான் அப்படி வரும். கயிற்றின் நுனி ஈரமாக இருந்தது. நார் நாராகக் கடித்திருந்தது.

"எலியா இருக்கும்ண்ணே," என்றான் அலீம்.

பரமசிவம் வலது கைக்காரன். எனக்கு நன்றாகத் தெரியும், அந்தக் கையை மூன்று வருஷம் வயிறு எரியப் பார்த்திருக்கிறேன். ஆகவே இது அவன் இல்லை. அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அப்புறம் தூங்கினேன்.

அன்று ஒன்பது மணிக்குப் பாய் வந்து பேனரை அண்ணாந்து பார்த்தார். எதிர்முனையைக் காட்டினார்.

"இதுதான் கட்டு! ரொம்ப நாளாச்சு இப்படிப் பாத்து."

என் மணிக்கட்டில் ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

சண்டை முடிந்தது. 1945 நவம்பரில் சயாமிலிருந்து பிழைத்து வந்தவர்களில் முகைதீன் என்று ஒருவர் இருந்தார். பூவம்மா கடையில் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்தார். பூவம்மாதான் கேட்டாள், எங்கள் பரமசிவத்தைப் பார்த்தீர்களா என்று. நான் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

"ஒரே கொட்டகைதான்மா," என்றார் முகைதீன். "43 அக்டோபர்ல போய்ட்டான். நான்தான் குழி வெட்டுனேன்."

பூவம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"கெட்டிக்காரன். பாறை விழுந்து வலது கை நசுங்கிப்போச்சு. மணிக்கட்டோட வெட்டி எடுத்துட்டாங்க. புண்ணு ஆறவே இல்ல. ஆனா கொட்டகைக் கயிறு முச்சூடும் அவன்தான் கட்டுவான். எங்கள விடமாட்டான்."

"ஒத்தக் கையிலயா?" என்றாள்.

"இடது கையால இழுப்பான், பல்லால கடிச்சுப் பிடிச்சுக்குவான். மறுபடி இழுப்பான், மறுபடி கடிப்பான். நறநறன்னு சத்தம் கேக்கும். கட்டி முடிச்சிட்டு மூணு தடவ இழுத்துப் பாப்பான். அப்புறம் ஒண்ணு. எதுக்குடா அதுன்னு ஒரு நாள் கேட்டேன்."

முகைதீன் தேநீரை ஒரு வாய் குடித்தார்.

"அந்தப் பக்கம் ஒருத்தன் இருக்கான், அவன் இன்னும் கட்டலன்னான்."