நான்கு பிடிகளில் ஒன்று

1. மழைக்காலத்தில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தலை வந்த பிறகு தோள் சிக்கிக்கொண்டது. சிரமப்பட்டுத்தான் வெளியே எடுத்தார்கள்.

2. வலது கைக்குப் போகும் நரம்பு இழுபட்டிருக்கிறது, பெரும்பாலும் தானே சரியாகிவிடும், விரல்களை மட்டும் கவனித்துக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

3. குழந்தைக்கு ஒரு மாதம் நிறையாமல் நகம் வெட்டக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். முகத்தைக் கீறிக்கொள்ளாமல் இருக்க, அக்கா குழந்தையின் இரண்டு கைகளுக்கும் துணி உறை மாட்டினாள். குளிப்பாட்டக் கழற்றினாலும் துவட்டியதும் மாட்டிவிடுவாள்.

4. முழங்கை மடங்கியது. தோள் அசைந்தது. சரியாகிவிட்டது என்று மூன்று பேரும் நம்பினோம். விரல்கள் உறைக்குள் இருந்தன.

5. மாதம் நிறைந்ததும் உறையைக் கழற்றினோம்.

மூன்று பேர் என்றால் அக்கா, தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் வேலை பார்க்கும் அவள் கணவரான மாமா, நிக்டியில் அவர்களோடு தங்கியிருக்கும் நான். கோயம்புத்தூரிலிருந்து இந்த மராத்தி ஊருக்கு வந்து சேர்ந்த குடும்பம். என் வேலை மென்பொருள் சோதனை; கோளாறு தெரியும்வரை நடந்ததை எண் போட்டு எழுதுவது அங்கே வந்த பழக்கம்.

நகவெட்டியைத் தொட அக்காவுக்குப் பயம். ஒவ்வொரு விரலாக உதட்டுக்குள் வைத்து, முன்பல்லால் நகத்தை மெல்லக் கடித்தெடுத்தாள். அதுவரை நகம் கடிக்கும் குழந்தையைப் பார்த்தாலே திட்டுகிறவள் அவள். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

இடது கை முடிந்ததும், அந்த உள்ளங்கையில் என் விரலை வைத்தேன். படக்கென்று மூடியது. அத்தனை சின்னக் கைக்கு அத்தனை பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வலது கையில் வைத்தேன். விரல்கள் பாதி மடங்கியபடி அப்படியே கிடந்தன.

பழக்கதோஷம், மற்றதையும் சோதித்தேன். பாதத்தில் விரல் வைத்தேன். கால் விரல்கள் ஐந்தும் உள்ளே மடங்கி என்னைப் பற்றப் பார்த்தன. இன்னொரு காலும் அப்படியே. நான்கில் மூன்று சரி. அக்கா நகத்தை மறந்து என் முகத்தையே பார்த்தாள்.

"என்னடி?"

"வலது கை புடிக்க மாட்டேங்குதுக்கா."

சிஞ்ச்வட் மருத்துவமனையில் கைப்பயிற்சி தருகிறவர் ஒரு மராத்திப் பெண். எங்களோடு ஹிந்தியில் பேசினார். உறையால் கெடுதல் எதுவும் ஆகிவிடவில்லை, இனிப் போடாதீர்கள் என்றார். குழந்தையின் உள்ளங்கையை நீவிக்கொண்டே "பக்டோ, பேட்டா, பக்டோ" என்று கெஞ்சினார். பிடி, கண்ணு, பிடி. கால் ஏன் பிடிக்கிறது என்று கேட்டேன். அம்மாவின் ரோமத்தைப் பற்றித் தொங்கிய நம் முன்னோர்களின் மிச்சம் அது என்றார்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள். "ஏண்டி, என்ற புள்ளயக் குரங்குங்கறாங்களா?"

"நம்ம எல்லாரையும்தான் சொல்றாங்க."

"அப்ப உங்க பக்கமாத்தான் இருக்கும் அம்மிணி," என்றார் மாமா. "எங்க பக்கம் அத்தன பேரும் வழுக்கை. புடிச்சுத் தொங்க ஒண்ணுமில்ல."

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

திரும்பும் பேருந்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. நான் கம்பியைப் பிடித்து நின்றேன். என்னைச் சுற்றி அத்தனை கைகள் அதே கம்பியில். வளையல் கை, கிரீஸ் படிந்த கை, பள்ளிக்கூடக் கை. வண்டி திரும்பும்போது எல்லா விரல்களும் ஒன்றாக இறுகின. இன்றைய குரங்குக்கும் நமக்கும் பொதுவாக இருந்து அழிந்துபோன ஏதோ ஒரு தாய், குட்டியோடு கிளை தாவியிருப்பாள். பிடியை விட்ட குட்டிகள் விழுந்திருக்கும். பேருந்தில் இருந்த ஒவ்வொருவரும், ஓட்டுநர் உட்பட, விடாமல் பிடித்திருந்த குட்டிகளின் வழி வந்தவர்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த நொடியே அக்கா மடியில் பாதி மடங்கிக் கிடந்த குழந்தையின் வலது கை கண்ணில் பட்டது.

அந்த வாரம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அந்தத் தாய்க்குப் பின்னால் வந்தவர்கள் நிமிர்ந்து நடந்தார்கள். பாதம் தட்டையானது. எப்போதோ ரோமமும் குறைந்தது. குழந்தையின் கைக்குப் பலம் இருந்தும் பற்றிக்கொள்ள எதுவும் இல்லாமல் போனது. எலும்பாகக்கூட மிஞ்சாத யாரோ ஒருத்தி, தன் குழந்தையைத் தானே இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். பிடிக்கும் வேலை குழந்தையிடமிருந்து தாய்க்கு வந்தது.

எண்ணெய் தடவி விரல்களை நீவிக்கொண்டிருந்த அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் கை நின்றது.

"அப்ப இவ புடிக்காட்டியும் உழ மாட்டா."

"மாட்டாக்கா."

"நாந்தான் புடிச்சிருக்கேனே," என்று சொல்லிவிட்டு மறுபடி நீவத் தொடங்கினாள்.

குழந்தைக்கு இப்போது ஐந்தாம் மாதம். இடது கையிலிருந்து, தொட்டாலே மூடிக்கொள்ளும் அந்தப் பழைய பிடி போய்க்கொண்டிருக்கிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படித்தானாம். வேண்டியதை வேண்டும்போது பிடிக்கும் பிடி அந்த இடத்துக்கு வருகிறது. வலது கையில் பழையது வரவே இல்லை. ஆனால் போன வாரம், கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் அக்காவின் துப்பட்டா நுனியைப் பற்றி இழுத்தன. நடுவிரல் லேசாக மடங்குகிறது. மோதிர விரலும் சுண்டு விரலும் இன்னும் மூடவில்லை. பயிற்சி தொடர்கிறது.